பாலை மரத்துக்கு ஒரு தாவரவியல் விவரிப்பு: திருத்தம் வேண்டிய வரைவு

குளக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் வளவின் மேற்கு மூலையில், விளையாட்டுத் திடல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மூன்று மாணவர் கைகோத்து நின்றாலும் சுற்றிப் பிடிக்க முடியாத பருமனில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதன் அருகில் விவரப் பலகை ஒன்றை நிறுத்துவதற்கு அதிபர் இணங்கியுள்ளார். தமிழ்ப் பகுதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எழுதியதைக் கீழே தருகிறேன். பிழை இருப்பின் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், ஏனெனில் பலகையில் ஒருமுறை எழுதப்பட்டது இருபது ஆண்டுகளுக்கு அங்கேயே நின்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்.

"பாலை (மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா) சப்போட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டல மழைக்காட்டு மரமாகும். இது 20 மீற்றர் வரை வளரும். பட்டை கருஞ்சாம்பல் நிறமானது. இலைகள் நீள்வட்ட வடிவமும் கூரிய நுனியும் உடையவை. பூக்கள் சிறியவை, வெண்மையானவை. புல்லிகள் 8, கேசரங்கள் 8. பழம் மஞ்சள் நிறச் சதைக்கனி. சங்க இலக்கியத்தின் பாலைத்திணைக்குப் பெயர் தந்த மரம் இதுவே."

உலுவிந்தை

ஆசிரியர் அவர்களே, முயற்சி நல்லது. ஆனால் முதல் வசனத்திலேயே மரத்தை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளில் மரம் அளந்து அடையாளமிட்டு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாலையை மழைக்காட்டு மரம் என்று எழுதினால் அதை அறிந்தவர் எவரும் மீதியை வாசிக்கமாட்டார்.

மழைக்காடு பார்க்க வேண்டுமானால் சிங்கராஜாவுக்குப் போக வேண்டும். அங்கே ஆண்டு மழை 3,000 மில்லிமீற்றரைத் தாண்டும், மழையில்லாத மாதம் என்று ஒன்றைச் சொல்வது கடினம். நமது உலர்வலயமோ 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை பெறும் நிலம்; அந்த மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியில் கொட்டி முடிந்துவிடுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று மண்ணை உலர்த்துகிறது, குளங்களின் அடி வெடிக்கிறது. அந்தக் காலத்திலும் இலை உதிர்க்காமல் பசுமையாக நிற்பதுதான் பாலையின் இயல்பு. ஆகையால் "உலர்வலய என்றும் பசுமைக் காட்டு மரம்" என்று எழுதுங்கள். பாலையும் வீரையும் சேர்ந்து நிற்கும் காடு என்றால் இங்குள்ள எவருக்கும் விளங்கும்.

இன்னொன்று. இலைநுனி கூரியது என்கிறீர்கள். எந்த மரத்தின் இலையைப் பார்த்து எழுதினீர்கள்?

தேன்சிட்டு

உலுவிந்தை ஐயா கேட்ட கேள்வியே என் மனத்திலும் எழுந்தது. பாலை இலையின் நுனி கூரியதல்ல. அது வட்டமாக முடிந்து, நடுவில் சிறிய வெட்டு ஒன்றைக் கொண்டிருக்கும். கைவிரலால் தடவினாலே அந்தப் பள்ளம் தெரியும். இலையின் அகன்ற பகுதி நுனிப்பக்கமாக இருக்கும், அடிப்பக்கம் ஒடுங்கிக் காம்பில் சேரும், ஆகவே நீள்வட்டம் என்பதைவிடத் தலைகீழ் முட்டை வடிவம் என்பதே பெரும்பாலான இலைகளுக்குப் பொருந்தும். நீளம் பொதுவாக 4 முதல் 10 சென்ரிமீற்றர். தோல்போலத் தடித்து, மேற்புறம் பளபளப்பாக இருக்கும். பக்க நரம்புகள் மிக நெருக்கமாகவும் மெல்லியனவாகவும் ஓடுவதால் நடுநரம்பைத் தவிர எதுவும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. இலைகள் கிளைமுனைகளில் கொத்தாக நெருங்கி அமைந்திருப்பதையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் தூரத்திலிருந்து பார்க்கும்போது மரத்தின் தலையைப் பாலை என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

இந்த நுனிவெட்டு உங்கள் "மழைக்காடு" என்ற சொல்லையும் சேர்த்தே மறுக்கிறது. ஓயாமல் மழை பெய்யும் காடுகளில் பல மரங்களின் இலைநுனி வால்போல நீண்டு கூர்ந்திருக்கும். இலைமேல் விழும் நீர் அதன் வழியாக விரைவில் வடிந்துவிடும். பாலை இலையில் அப்படியொரு வால் இல்லை. தடித்த தோலும் மினுமினுப்பும் நீரை இழக்காமல் காக்கும் ஏற்பாடுகள். ஓர் இலையைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு காடுகளின் வேறுபாட்டை மாணவருக்குக் கற்பிக்கலாம்.

பனிச்சை

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். ஆசிரியர் எழுதியதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்று வாதிட விரும்புகிறேன். மணில்காரா என்ற சாதி (பேரினம்) ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் பரந்திருப்பது, அதன் இனங்களிற் பல உண்மையான மழைக்காட்டு மரங்கள். அமேசன் காட்டில் மசரண்டூபா என்று அழைக்கப்படும் மணில்காரா ஹூபேரி, காட்டின் மேல்விதானத்தையும் தாண்டி எழும் பெருமரம். மணில்காரா பைடென்ராற்றா என்ற தென்னமெரிக்க இனத்தின் பாலிலிருந்து பலாட்டா என்ற பிசின் எடுத்து, ஒரு காலத்தில் இயந்திரப் பட்டிகளுக்கும் கோல்ஃப் பந்தின் உறைக்கும் பயன்படுத்தினார்கள். நாம் தின்னும் சப்போட்டாவும் இதே சாதிதான். மெக்சிக்கோவின் தெற்கும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். அதன் மரப்பாலே ஒரு காலத்தில் சூயிங்கத்துக்கு மூலப்பொருளாக இருந்தது. பாலைப்பழம் தின்றவனின் உதடு ஒட்டிக்கொள்வதற்கும் அதற்கும் உறவு இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஆனியிலும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே மழைக்காட்டு உறவினர் நடுவே வறண்ட நிலத்தில் வாழப் பழகிக்கொண்ட மரம் என்று எழுதினால் என்ன?

உலுவிந்தை

தம்பி பனிச்சை, மாமன் மகன் கொழும்பில் இருக்கிறான் என்பதற்காக என்னைக் கொழும்பான் என்று எழுதலாமா? சாதியின் இயல்பு ஒன்று, இனத்தின் இயல்பு வேறொன்று. பலகை நிற்பது இந்த மரத்தின் கீழே. இந்த மரம் எங்கே நிற்கிறது, எதைத் தாங்குகிறது, எதைத் தருகிறது என்பதை எழுதிவிட்டு இடமிருந்தால் அமேசனைச் சேருங்கள்.

பனிச்சை

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இடமிருந்தால் மட்டும்.

நெல்லைப்பூங்கா

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் இழையைச் சில நாள்களாக வாசித்து வருகிறேன். இங்கே இந்த மரத்தை உலக்கைப்பாலை என்றும் கணுப்பாலை என்றும் சொல்வார்கள். பாலை என்று மட்டும் சொன்னால் எங்கள் மாணவர்களுக்கு வெட்பாலைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே ஆசிரியரின் கடைசி வசனம் குறித்து ஒரு சொல்.

பாலைத்திணையின் மரம் எது என்பதில் இரண்டு கருத்து உண்டு. வெட்பாலை என்போர் ஒரு சாரார், உங்கள் பாலையே என்போர் மற்றொரு சாரார். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பால் மட்டுமே. வெட்பாலையாகிய ரைட்டியா டிங்டோரியா அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. காய்கள் இணையாகத் தொங்கும் நீண்ட நெற்றுகள். விதைகளுக்குப் பஞ்சு உண்டு. ஏழிலைப்பாலையும் குடசப்பாலையும் அதே குடும்பம். உங்கள் பாலைக்கோ இலைகள் ஒன்றுவிட்டு ஒன்று அமைந்தவை, பழம் சதைப்பற்றானது, விதையில் பஞ்சு கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஒரு மரத்தின் புகழை இன்னொரு மரத்தின் கழுத்தில் மாலையாகப் போட்டுவிடக் கூடாது. "இதுவே" என்ற தேற்றேகாரம் ஒரு விவரப் பலகைக்கு ஆகாது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. புல்லிகள் 8, கேசரங்கள் 8 என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே எண்ணினீர்கள்?

குளக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. வெட்கத்துடன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இலைநுனியையும் பூவையும் நான் இந்த மரத்தில் பார்த்து எழுதவில்லை. பழைய குறிப்பொன்றில் பாலைக்கு மிமுசோப்ஸ் ஹெக்ஸாண்ட்ரா என்று பெயர் இருந்தது. எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கும் மகிழ மரமும் மிமுசோப்ஸ் என்பதால், பூ ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எண்ணி, மகிழம்பூவை எடுத்து எண்ணினேன். அதில் 8 இருந்தது. இலையையும் அதே மரத்தில்தான் பார்த்திருப்பேன் போலும். பாலையின் கிளை எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது என்பதைத் தவிரச் சொல்ல வேறு சாட்டு இல்லை.

நெல்லைப்பூங்கா

ஆசிரியர் ஐயா, நீங்கள் செய்த பிழை பயனுள்ள பிழை. மகிழம்பூவில் 8 எண்ணியது சரியே. அந்த எண்ணே இந்த இரண்டு மரங்களையும் பிரித்தது.

ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையின் தாவரங்களை விவரித்தபோது இந்த மரத்துக்கு மிமுசோப்ஸ் ஹெக்ஸாண்ட்ரா என்று பெயரிட்டார். ஹெக்ஸா என்றால் ஆறு. ஆண்ட்ரா என்பது ஆண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, தாவரவியலில் பூவின் ஆணுறுப்பைக் குறிக்கும். ஆறு மகரந்தத்தாள் உடையது என்பதை அவர் பெயரிலேயே பொறித்து வைத்துவிட்டார். பின்னர் 1915இல் துபார் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை மணில்காராவுக்கு மாற்றினார். மணில்காரா என்ற சொல் மலையாள நாட்டு வழக்கிலிருந்து தாவரவியலுக்குப் போனது என்பது நமக்கு ஒரு சிறிய மகிழ்ச்சி.

இரு பேரினங்களுக்கும் இடையே முதலில் பார்க்க வேண்டியது புல்லிவட்டம், அதாவது மொட்டை மூடியிருக்கும் புற மடல்களின் வட்டம். மகிழில் வெளிவட்டத்தில் 4, உள்வட்டத்தில் 4, ஆக 8 புல்லிகள். பாலையில் வெளியே 3, உள்ளே 3, ஆக 6. உங்கள் ஊரில் இலுப்பை இருக்குமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் 2 உம் 2 உமாக 4. மூன்றும் ஒரே குடும்பம், மூன்றிலும் பால் உண்டு, மூன்றிலும் புல்லிகள் இரண்டு அடுக்கு. இலுப்பை இரண்டிரண்டு, பாலை மும்மூன்று, மகிழ் நந்நான்கு. இதைவிட நேர்த்தியாக ஒரு குடும்பத்தைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் கற்பித்தும் இலுப்பையை இந்த வரிசையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

பாலைப் பூவின் மற்ற உறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். பூக்கள் இலைக்கக்கத்தில் தனியாகவோ சிறு கொத்தாகவோ தோன்றும். வெண்மை அல்லது வெளிர்மஞ்சள் நிறம். அல்லியில் 6 மடல்கள். ஒவ்வொரு மடலின் முதுகிலும் மடலைப் போலவே தோன்றும் இரண்டு ஒட்டுறுப்புகள் இருப்பதால் அவசரமாக எண்ணுகிறவர் 18 இதழ்கள் என்று எழுதிவிடுவார். வளமான மகரந்தத்தாள் 6, அவற்றுக்கு இடையிடையே மலட்டுத்தாள் 6. சூற்பை மயிர் போர்த்தது, 12 அறை கொண்டது. பன்னிரண்டு அறையோடு தொடங்கிய சூற்பையிலிருந்து வரும் பழத்தில் பெரும்பாலும் ஒரேயொரு விதைதான் முதிர்கிறது.

தேன்சிட்டு

நெல்லைப்பூங்கா அம்மாவின் விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. சொல் குறித்து மட்டும் ஒரு குறிப்பு: எங்கள் பாடநூல்களில் மகரந்தத்தாள் என்பதைக் கேசரம் என்றும், மலட்டுத்தாளை மலட்டுக்கேசரம் என்றும், சூற்பையைச் சூலகம் என்றும், பேரினத்தைச் சாதி என்றும் எழுதுகிறோம். பலகை ஒட்டுசுட்டானில் நிற்கப்போவதால் ஆசிரியர் இலங்கை வழக்கையே கையாள வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பாடநூலில் ஒரு சொல்லையும் மரத்தடியில் இன்னொரு சொல்லையும் வாசித்துக் குழம்புவார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வழி சொல்கிறேன். இப்போது ஆனி மாதம், பூ இல்லை. ஆனால் பூவின் புல்லிகள் இந்தக் குடும்பத்தில் உதிர்வதில்லை. அவை பழத்தின் அடியில் காம்போடு சேர்ந்து நிலைத்திருக்கும். கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் அந்தச் சிறிய வட்டத்தை எண்ணிவிடலாம். உயரத்தில் இருக்கும் கிளையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் சப்போட்டா கிடைத்தால் காம்படியில் அதிலும் எண்ணட்டும். அதே 3 உம் 3 உம் பெரிய அளவில் தெரியும்.

நெல்லைப்பூங்கா

கேசரம் என்ற சொல் அழகாக இருக்கிறது. நாங்கள் அதை விட்டுவிட்டது எங்களுக்குத்தான் இழப்பு. சப்போட்டாவைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுக்கட்டும்போது அடிக்கன்றாக உங்கள் பாலையின் நாற்றைத்தான் பயன்படுத்துகிறோம். மெக்சிக்கோ மரம் நம் மரத்தின் காலில் நின்றுகொண்டு காய்க்கிறது.

முதிரைவாள்

நான் தாவரவியல் படித்தவனல்ல. மாங்குளத்தில் மரத்தச்சு வேலை செய்கிறேன். பலகையில் மரத்தின் கடினமான உட்பகுதியாகிய வைரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே என்பதால் எழுதுகிறேன். பூவை எண்ணும் நாள் ஆண்டில் சில நாள். வைரத்தை அறியும் நாள் வாழ்நாள் முழுதும்.

பாலையின் வைரம் கருஞ்சிவப்பும் மண்ணிறமும் கலந்தது, இழை மிக நெருக்கமானது. ஒரு துண்டைக் குளத்தில் போட்டால் மிதக்காது, நேரே அடிக்குப் போகும். காய்ந்த பாலையில் ஆணி இறங்காது. துளையிட்டுத்தான் அடிக்க வேண்டும், அப்போதும் ஆணி வளையும். உளியை ஒரு நாளில் எத்தனை தடவை தீட்டினேன் என்பதை வைத்து அன்று அறுத்தது முதிரையா பாலையா என்று என் தகப்பனார் கண்டுபிடித்துவிடுவார். முதிரை வேலைக்கு இசையும், மினுக்கினால் பட்டுப்போல வரும். தளபாடத்துக்கு அதைத்தான் தேடுவார்கள். பாலை தளபாடத்துக்குரியதன்று. பாரம் தாங்கும் இடத்துக்கு, மண்ணோடும் நீரோடும் கிடக்கும் இடத்துக்கு உரியது: வீட்டுத் தூண், பாலத்து விட்டம், செக்கு, உலக்கை. தமிழ்நாட்டு அம்மா உலக்கைப்பாலை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. இரும்புப்பாதையில் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டையாகவும் பாலை பெருவாரியாகப் போனது.

உலுவிந்தை

முதிரைவாள் சொன்னதில் சிலிப்பர் கட்டை முக்கியமானது. வடபகுதி இரும்புப்பாதை 1905இல் காங்கேசன்துறையை எட்டியது. மதவாச்சியிலிருந்து வவுனியா, புளியங்குளம், மாங்குளம் என்று அது ஊடறுத்துச் சென்றது பாலைக்காட்டை. கறையான் அண்டாத, எளிதில் உக்காத கட்டை பாதைக்கு வேண்டும். பாதையின் இருபுறமும் பாலை நின்றது. ஆகவே மரத்துக்கு நேர்ந்தது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இதைப் பலகையில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் "20 மீற்றர் வரை வளரும்" என்ற வசனத்தை எழுதும்போது நினைவில் வைத்திருங்கள். பெரிய மரம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் உயரத்தின் எல்லையை அளக்கலாம். நேராக ஓங்கிய மரங்களே முதலில் தறிக்கப்படுபவை. வீதியோரத்தில் இன்று காண்பவற்றில் பல, கோணல் என்பதால் தப்பியவை. 15 முதல் 20 மீற்றர் வரை, சில அதற்கும் மேலே என்று எழுதுங்கள்.

பட்டையைப் பற்றியும் கருஞ்சாம்பல் நிறம் என்பதோடு நிறுத்த வேண்டாம். முதிர்ந்த பாலையின் பட்டை ஆழமாக வெடித்து, முதலை முதுகு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். கத்தியால் கீறினால் உட்பட்டை சிவந்து தெரியும், வெண்ணிறப் பால் கசியும். இரவில் கைவிளக்கு இல்லாமல் போனாலும் அடிமரத்தைத் தடவிப் பாலையா வீரையா என்று சொல்லிவிடுவோம். வீரையில் பால் இல்லை. அதன் பழம் சிவப்பு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பாலையில் அந்தப் பிரிவு இல்லை, எல்லா மரமும் காய்க்கும்.

தேன்சிட்டு

எல்லா மரமும் காய்க்கும் என்பது சரி, எல்லா ஆண்டும் ஒரேயளவாகக் காய்ப்பதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும் ஐயா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம் ஓராண்டு நிலமெல்லாம் மஞ்சளாகக் கொட்டும். அடுத்த ஆண்டு அம்மா முற்றம் கூட்டும்போது பத்துப் பழமும் அகப்படாது.

பழத்தைப் பற்றிய வசனத்தில் அளவு வேண்டும்: 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் நீளமான முட்டை வடிவம், பழுத்ததும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள், உள்ளே மண்ணிறமான மினுங்கும் விதை, அதன் ஒரு பக்கத்தில் வெளிறிய தழும்பு. பழுக்கும் காலம் மே முதல் ஜூலை வரை. நன்றாகப் பழுக்காததைத் தின்றால் பால் உதட்டிலும் பல்லிலும் ஒட்டும். நாங்கள் சிறிது நேரம் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் தின்போம்.

விதை பரப்புவோரையும் எழுதுங்கள். மந்தியும் குரங்கும் மரநாயும் இருவாய்ச்சியும் இதைத் தின்கின்றன. எல்லோரையும்விடப் பேராசைக்காரர் கரடியார். பழத்துக்காக அவர் மரத்திலேயே ஏறிவிடுவார். பழக்காலத்தில் காட்டுக்குள் போகும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லும் புத்தி, பாலையடியில் மேலே பார்க்காமல் குனியாதே என்பதுதான். இதை ஒரு வசனமாகப் பலகையில் போட்டால் பிள்ளைகள் மீதி வசனங்களையும் வாசிப்பார்கள்.

வெள்ளாங்கட்டி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நமது வன்னிப் பிரதேசத்துக்கு வன்னி என்று பெயர் வந்தது வன்னி மரத்தால் என்று சொல்கிறார்களே, அப்படியானால் பலகையை அந்த மரத்துக்கு அல்லவா வைத்திருக்க வேண்டும்?

உலுவிந்தை

வன்னி மரம் என்பது அவரைக் குடும்பத்து முள்மரம். நமது காட்டை ஆக்கி நிற்பது அதுவன்று. பெயர் ஆராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, நானும் வருவேன். இங்கே பாலையை முடிப்போம்.

பனிச்சை

ஒரு கேள்வி மட்டும். இந்தப் பெரிய மரங்களின் அடியில் நாற்றுகளை நான் அதிகம் காண்பதில்லையே, அது ஏன்? எங்கள் காணியில் வேம்பும் நாவலும் தாமாக முளைத்து நிற்கின்றன, பாலைக் கன்று ஒன்றுமில்லை.

உலுவிந்தை

விதைத்தோல் கல்போலக் கடினம், முளை மெதுவாக வரும், வந்த கன்றும் ஆமைபோல வளரும். வேம்பு உங்கள் தோள் உயரம் வந்த காலத்தில் பாலைக்கன்று முழங்காலைத் தாண்டியிருக்காது. இடையில் மாடு மேயும், மான் மேயும், கோடைத்தீ ஓடும். நான் ஒருமுறை சேனைக்கரையில் நாற்றுமேடை கட்டி ஒரு சாக்கு விதை போட்டேன். முளைத்ததில் மிஞ்சியவற்றை இரண்டு கையிலும் அள்ளிவிடலாம். மழைக்காட்டு மரம் ஈரத்தோடு போட்டியிட்டு வெளிச்சத்துக்காக ஓடுகிறது. இது ஓடுகிற மரமன்று. வறட்சியைத் தாங்குவதற்குக் கொடுத்த விலை வளர்ச்சி. அந்த விலையில்தான் முதிரைவாளின் உளி மழுங்குகிறது.

குளக்கட்டு

இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் எழுதுகிறேன். ஒன்பதாம் தர மாணவர்கள் 23 பேர் மரத்தடியில் விழுந்த பழங்களைப் பொறுக்கி, காம்போடு இருந்தவற்றைத் தெரிந்து, கைவில்லையால் பார்த்து எண்ணினார்கள். காம்படி சிதையாதிருந்த 61 பழங்களில் 58இல் புல்லிகள் 6. மீதி மூன்றில் 5. அவற்றில் ஒன்று உடைந்திருந்த அடையாளம் தெரிந்தது. வெளியே மூன்று, உள்ளே மூன்று என்ற அடுக்கை முதலில் கண்டுபிடித்தவள் வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளை. மகிழின் கீழே கிடந்த பழங்களையும் எண்ணினோம், அங்கே 8. இலுப்பைக்கு அடுத்த பருவம்வரை காத்திருக்கிறோம்.

திருத்திய வரைவு இது:

"பாலை (மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா, குடும்பம் சப்போட்டேசியே) இலங்கையின் உலர்வலய என்றும் பசுமைக் காட்டின் மேற்படையில் நிற்கும், மெதுவாக வளரும் பெருமரமாகும். உயரம் பொதுவாக 15 முதல் 20 மீற்றர். சில அதற்கும் மேல். பட்டை கருஞ்சாம்பல் நிறமாகி ஆழமாக வெடித்திருக்கும்; கீறினால் வெண்ணிறப் பால் கசியும். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிளைமுனையில் நெருங்கி அமைந்தவை, தோல்போலத் தடித்தவை, தலைகீழ் முட்டை வடிவமானவை, நுனியில் வெட்டுடையவை, 4 முதல் 10 சென்ரிமீற்றர் நீளமானவை. பூக்கள் இலைக்கக்கத்தில் தோன்றும். புல்லிகள் மும்மூன்றாக 6, அல்லி மடல்கள் 6, கேசரங்கள் 6, மலட்டுக்கேசரங்கள் 6, சூலகம் 12 அறையுடையது. பழம் 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் நீளமான மஞ்சள் நிறச் சதைக்கனி, பெரும்பாலும் ஒரு விதையுடையது, மே முதல் ஜூலை வரை பழுப்பது. கரடி, குரங்கு, இருவாய்ச்சி ஆகியவை விதையைப் பரப்புகின்றன. வைரம் கருஞ்சிவப்பு, நீரில் அமிழும் பாரமுடையது. சப்போட்டா இதன் சாதி உறவு. மகிழும் இலுப்பையும் குடும்ப உறவு."

சங்க இலக்கிய வசனத்தை நீக்கிவிட்டேன். அமேசனுக்கு இடம் கிடைக்கவில்லை. பனிச்சை பொறுத்தருள வேண்டும்.

நெல்லைப்பூங்கா

"இருவாய்ச்சி" என்ற இடத்தில் உங்கள் பிள்ளைகள் சொல்லும் பெயர் வேறாக இருந்தால் அதையே போடுங்கள். மற்றபடி ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. ஐந்து புல்லி வந்த மூன்று பழங்களையும் குறித்து வைத்த மாணவரை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். பலர் அதை ஆறு என்று திருத்தி எழுதியிருப்பார்கள்.

முதிரைவாள்

வரைவு நன்று. பலகையை மரத்தில் அறையப்போகிறீர்களா, தனிக் கம்பத்திலா?

குளக்கட்டு

தனிக் கம்பத்தில்தான் அண்ணா. அறைந்தால் ஆணி வளையும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

முதிரைவாள்

அது காய்ந்த மரத்துக்குச் சொன்னது. உயிர்மரத்தில் ஆணி இறங்கும், இறங்கிய இடத்தில் பால் வடிந்துகொண்டே இருக்கும். கம்பத்துக்கு என்னிடம் இரண்டு முதிரைத் துண்டு கிடக்கிறது; சனிக்கிழமை வந்து எடுத்துப்போங்கள்.